இரண்டு பல் தள்ளி

ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் தொடங்கும்.
பின்னால் வரும் லாரி கண்ணாடியில் இரண்டாகும்.
சாம்பல் தட்டில் கிடக்கும் சில்லறை பேச ஆரம்பிக்கும்.
பிறகு இருக்கை, இடுப்பெலும்பு, கீழ்த்தாடை.
அறுபத்து மூன்றைத் தாண்டினால்
ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும்.
தாண்ட முடியாது. சினூக்கிலிருந்து ஹாவர் வரை
எனக்கு முன்னால் எப்போதும் ஒரு கோதுமை லாரி.

எண்பத்தொன்பதாம் வருட ஃபோர்டு.
விற்றவன் என் சித்தப்பா மகன் நார்பர்ட்.
வாங்கின நாளிலிருந்தே இப்படித்தான் என்று
தபால் நிலையத்தில் சொன்னேன், தேவாலய வாசலில் சொன்னேன்.
நார்பர்ட்டிடம்
ஈஸ்டர் விருந்தில் உருளைக்கிழங்குத் தட்டை
அவன் பக்கம் நகர்த்தாமல் சொன்னேன்.

சக்கரங்களை இரண்டு முறை பேலன்ஸ் செய்தாயிற்று.
மூன்றாம் முறை டயர் கடைப் பையன்
என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காசு வாங்கவில்லை.
முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றினேன்.
நடுக்கம் இடம் மாறவில்லை.
ஐம்பத்தெட்டில் நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
இஞ்சின் ஓய்ந்தது, நடுக்கம் ஓயவில்லை.
மூன்றாம் கியரில் அதே வேகம், அதே நடுக்கம்.
சந்தேகம் மெல்ல மெல்ல
இருக்கைக்கு அடியில் ஊர்ந்து பின்பக்கம் போனது.

சனிக்கிழமை ட்வைலா அசூர் வந்தாள்.
ரயில் இஞ்சின் பட்டறையில் இரவு ஷிஃப்ட் முடித்து,
தூங்காத கண்ணோடு, பையில் ஒரு சாக்கட்டியோடு.
பின் அச்சை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம்.
சக்கரம் கழற்றினோம், டிரம்மும் கழற்றினோம்.
வேகமானி ஐம்பத்தெட்டைத் தொட்டதும்
கொட்டகைத் தகரம் முழுக்க உறுமியது.
பலகையிலிருந்த நட்டு ஒன்று
தானாக நடந்துபோய் விளிம்பில் விழுந்தது.
"டயரைத் திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கு" என்றாள்.

இஞ்சினை அணைத்து, அடியில் படுத்து
ஜாயிண்ட்டை முறுக்கிப் பார்த்தாள். ஆட்டமில்லை.
"இது புதுசா இருக்கே?"
நான்தான் போட்டேன்,
பழசு எலிபோலக் கத்திக்கொண்டிருந்தது,
நவம்பர், விரல் மரத்துப்போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
ஷாஃப்ட் இரண்டாகக் கழன்று மார்மேல் விழுந்தது,
எடுத்துச் செருகினேன், வாங்கின இரண்டாவது வாரம் —

இரண்டாவது வாரம்.
முதல் வாரம் இந்த வண்டி
பெரிய நீர்வீழ்ச்சி ஊர்வரை போய் வந்தது,
மடியில் மூடியில்லாத காப்பியோடு.

ட்வைலா மண்ணெண்ணெய்த் துணியால் ஷாஃப்ட்டைத் துடைத்தாள்.
முப்பது வருடக் கிரீஸுக்கு அடியிலிருந்து
மஞ்சள் பெயிண்ட், ஒரு பொட்டு.
அதன் ஜோடி நேரெதிரே இருந்திருக்க வேண்டும்.
நகத்தால் எண்ணினாள். ஒன்று.
இரண்டு.

முன்கவையும் பின்கவையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.
ஒன்று முந்தும் கணத்தில் மற்றது பிந்தி
கணக்கைச் சரிகட்ட வேண்டும்.
என்னுடையவை மூன்று வருடம்
லேசாக முகம் திருப்பிக்கொண்டே சுற்றியிருக்கின்றன.
கழற்றுமுன் அடையாளம் வைக்கவில்லையா என்று
அவள் கேட்கவில்லை.
சாக்கட்டியை என் கையில் வைத்துவிட்டுத்
தூங்கப் போனாள்.

ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு.
கண்ணாடியில் ஒரே லாரி.
சில்லறை இருக்கிறதா என்று தட்டைத் திறந்தே பார்த்தேன்.
இப்போது கதவிடுக்கில் காற்று விசிலடிப்பது கேட்கிறது,
இதுவரை கேட்டதில்லை.

பீட் வயல் ஓரமாக நிறுத்தி அலைபேசியை எடுத்தேன்.
"இப்ப என்ன ஆடுது?" என்றான் நார்பர்ட்.
பின்னால் அவனுடைய மாடுகள்.
"ஒண்ணும் ஆடல. நான் மாட்டின ஜாயிண்ட்தான். தப்பா மாட்டிட்டேன்."
மாடுகள் மட்டும் கொஞ்ச நேரம் பேசின.
"ஹீட்டர் எப்படி இருக்கு?" என்றான் பிறகு.
"அது தெரிஞ்சேதான் வித்தேன்."